கால் சுற்று

கைப்பிடிகளைக் கழற்றிய அன்று
வில்லாபுரத்தில் கரண்ட் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
எக்ஸ், ஒய் இரண்டையும் உருவினேன்.
மூன்றாவதன் திருகு துருவேறி இறுகியிருந்தது,
மறுநாள் பார்க்கலாம் என்று விட்டேன்.
மறுநாள் இன்னும் வரவில்லை.

பதினோரு வருஷமாக இந்த மில்லிங் மெஷின்
ஸ்கூட்டர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது.
ஸ்கூட்டர் வெயிலில் நிற்கிறது.
ஜெசிந்தா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.
சீட்டில் ஈரத்துண்டைப் போட்டு உட்கார்ந்து
பேங்குக்குப் போய்விடுவாள்.

மூன்று ஸ்டெப்பர் மோட்டார், மூன்று டிரைவர்,
சிம்மக்கல்லில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர்.
உதுமான் பாய் அதன் ஃபேனைத் தட்டிக் காட்டி
"இது சுத்துற வரைக்கும் கேரண்டி" என்றார்.
மோட்டார் உட்காரும் தகடுகளை
இதே மெஷினில்தான் வெட்டினேன்,
எதற்கென்று கேட்காமல்
வெட்டிக் கொடுத்தது.

முதல் ஓட்டம்.
இடது என்று தட்டினேன். வலது போனது,
நிதானமாக, வைஸை நோக்கி,
முடிவெடுத்துவிட்ட மாடு மாதிரி.
சிவப்புப் பட்டனை அறைந்த கை
கொஞ்ச நேரம் அதன்மேலேயே இருந்தது.

பிறகு நாலு மணி வியாதி.
தினமும் நாலுக்கு நின்றுவிடும்.
எல்லை தாண்டியாயிற்று என்று திரையில் எழுதும்;
மேசையோ நட்டநடுவில் இருக்கும்.
வயரை மாற்றினேன். ஸ்விட்சை மாற்றினேன்.
ஒரு வெள்ளிக்கிழமை
மாதா படத்தைக்கூடச் சற்றுத் தள்ளி மாட்டினேன்.
லீவு நாளில் துணி உதறிக்கொண்டே ஜெசிந்தா கேட்டாள்:
"வெள்ளத்தாயக்கா கிரைண்டர் போடுறப்பதான நிக்கிது?"

பக்கத்து மாவுக்கடை.
சுவருக்கு அந்தப் பக்கம் கல் புரண்டால்
இந்தப் பக்கம் என் கம்பிகள் பதறியிருக்கின்றன.
ஷீல்டு வயர் இழுத்துத் தனி எர்த் அடித்ததும்
பதற்றம் தணிந்தது.

கட்டருக்குப் பதில் பேனாவைக் கட்டி
ஒரு வட்டம் போடச் சொன்னேன்.
போட்டது.
மேலும் கீழும் இடமும் வலமும்
நாலு இடத்தில் தட்டையாக,
கூட்டத்தில் நெரிபட்டுவந்த தூக்குவாளி போல.

டயல் கேஜை வைத்துப் பார்த்தேன்.
திசை மாறும்போதெல்லாம்
ஸ்க்ரூ திரும்புகிறது, மேசை திரும்பவில்லை.
பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டு மில்லிமீட்டர்.
கைப்பிடிக் கணக்கில் கால் சுற்று.
அந்தக் கால் சுற்றில் மோட்டார் உழைக்கிறது,
உலகத்தில் ஒன்றும் நகர்வதில்லை.

இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாது.
தெரியாது என்பதும் பொய்;
கைக்குத் தெரிந்திருக்கிறது.
திரும்பும் இடத்தில் கூடக் கொஞ்சம் சுற்றிவிட்டு
என்னிடம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறது,
சீட்டில் ஈரத்துண்டு போடுகிறவளைப் போல.

பால் ஸ்க்ரூ போட்டால் தீரும்.
விலை என் இரண்டு மாதச் சம்பளம்.
மென்பொருளில் ஒரு கட்டம் இருந்தது,
கையிடம் இருந்ததை
எண்ணாக அதில் தட்டினேன்.
அடுத்த வட்டம், குறை சொல்லத் தேடவேண்டிய வட்டம்.

முதல் வேலையும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.
"கிரைண்டர்ல இந்தத் தட்டு தேஞ்சு போச்சு,
ஒன் கம்ப்யூட்டரு அறுத்துத் தருமா?"
நைலான். நடுவில் ஒரு வட்டம், சுற்றி மூன்று ஓட்டை.
அன்று நாலு மணிக்கு அங்கே சத்தமில்லை,
இங்கே மட்டும் வெள்ளைச் சுருள்கள் பறந்தன.
கூலி ஒரு தூக்கு மாவு.
கொஞ்சம் புளிப்புதான்.

மறுநாள் காலை ஸ்கூட்டருக்கு மேல்
நாலு கம்பியும் ஒரு தகரமும் போட்டேன்.
ஜெசிந்தா அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.
துண்டை மட்டும் கொடியிலேயே விட்டுப் போனாள்.

கழற்றாத அந்த மூன்றாவது கைப்பிடி
மோட்டார் ஓடும்போதெல்லாம்
யாரும் தொடாமல் சுற்றுகிறது.
கை வைக்காதே என்று எழுதி
எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
இந்த ஷெட்டுக்குள் வருவது
நான் ஒருவன்தான்.